இலவச இணையக் கருவிகள்: வெளியேறும் வழி எங்கே?

நிரல் எழுதத் தெரியாதவரும் பணம் செலவிட இயலாதவரும் தமக்கென ஓர் இணையதளத்தை அமைத்துக்கொள்ளலாம் என்ற நிலை உருவாகிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஊர் நூலகத்தின் வாசகர் வட்டமோ, பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமோ, குடியிருப்போர் நலச் சங்கமோ இன்று பிளாகர், வேர்ட்பிரஸ், கூகுள் சைட்ஸ், விக்ஸ் போன்ற சேவைகளில் ஒன்றைத் தேர்ந்து ஒரே மாலையில் தனது பக்கத்தை வெளியிட்டுவிட முடியும்; அடுத்த கூட்டத்தை எந்த நாளில் வைப்பது என்று உறுப்பினர்களிடம் கேட்பதற்குக் கூகுள் ஃபார்ம்ஸ், டூடுல், வாட்ஸ்அப் குழுவுக்குள்ளேயே அமைந்த வாக்கெடுப்பு ஆகிய வசதிகள் இருக்கின்றன. இக்கருவிகளை முயன்று பார்ப்பது வரவேற்கத்தக்கது. எனினும் முயல்பவர்கள் பெரும்பாலும் தோற்றத்தையும் வேகத்தையும் மட்டுமே சோதிக்கிறார்கள். உருவாக்கிய பக்கங்களைத் தேவைப்படும் நாளில் முழுமையாக எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா என்றும், கருவி எண்ணிக் காட்டும் முடிவு உண்மையில் யாருடைய விருப்பம் என்றும் கேட்பவர் அரிது. இலவசக் கருவி செய்யாமல் விட்டுவிடும் வேலை இவ்விரு கேள்விகளுக்குள்தான் அடங்கியிருக்கிறது; அவ்வேலையை அமைப்பு தானே ஏற்றுக்கொள்ளும்போதுதான் கருவியால் பயன் விளையும்.

வலை தோன்றிய காலத்தில் எழுதுவதும் படிப்பதும் தனித்தனியாகப் பிரிந்திருக்கவில்லை. ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் உருவாக்கிய முதல் உலாவி, அதாவது இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள், அப்பக்கங்களைத் திருத்தி எழுதவும் இடமளித்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் தனது வலைத் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது; ஆனால் அதே ஆண்டில் வெளிவந்து மக்களிடையே பரவிய மொசைக் உலாவி படிப்பதற்கு உரிய கருவியாகவே அமைந்தது. எழுத விரும்பியவர் எச்டிஎம்எல் என்னும் குறியீட்டு மொழியைக் கற்க வேண்டியிருந்ததோடு, எந்நேரமும் இணையத்தோடு இணைந்திருந்து கேட்பவருக்கெல்லாம் பக்கங்களை அனுப்பித் தரும் கணினியாகிய வழங்கியில் ஓர் இடத்தையும் தேடிப் பெற வேண்டியிருந்தது. அந்த இடத்தை இலவசமாகக் கொடுத்து, பக்கங்களின் ஓரத்தில் விளம்பரம் காட்டிப் பொருளீட்டும் வணிகமே இன்றைய கருவிகளுக்கெல்லாம் முன்னோடி.

அவ்வணிகத்தின் மிகப்பெரிய எடுத்துக்காட்டு ஜியோசிட்டீஸ். டேவிட் பானெட்டும் ஜான் ரெஸ்னரும் கலிஃபோர்னியாவில் 1994-இல் தொடங்கிய இச்சேவை, பக்கங்களைப் பொருள்வாரியான பேட்டைகளாகப் பகுத்தது. கல்வியும் தத்துவமும் ஏதென்ஸ் என்ற பேட்டையிலும், கணினி சார்ந்தவை சிலிக்கான் வேலியிலும், திரைப்படம் ஹாலிவுட்டிலும் அமைய, குடியேறிய ஒவ்வொருவருக்கும் பேட்டைப் பெயரோடு ஓர் எண்ணும் முகவரியாகக் கிடைத்தது. 1999-இல் ஏறத்தாழ 357 கோடி டாலர் மதிப்பில் யாஹூ அதை வாங்கிய சில மாதங்களில் வெளியிட்ட புதிய பயன்பாட்டு விதிகள், உறுப்பினர்கள் ஏற்றிவைத்த எழுத்தையும் படத்தையும் தன் விருப்பம்போல் பயன்படுத்தும் உரிமையை நிறுவனத்துக்கு வழங்குவனவாக இருந்தன. உறுப்பினர்கள் திரண்டு எதிர்த்த பிறகே அவை திருத்தப்பட்டன. தாம் எழுதியது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இலவச இணையத்தில் பெருந்திரளாக எழுந்த முதல் தருணங்களில் அது ஒன்று. பத்தாண்டுகள் கழித்து, 2009 அக்டோபர் 26 அன்று, யாஹூ அச்சேவையை அமெரிக்காவில் மூடியது. ஜப்பானியப் பிரிவு 2019 மார்ச் 31 வரை நீடித்தது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழுவும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகமும் மூடுவதற்கு முன் இயன்ற அளவு பிரதி எடுத்து வைத்ததால்தான் அப்பக்கங்களில் ஒரு பகுதியாவது இன்று எஞ்சியிருக்கிறது. எழுதியவர்களில் பலர் முகவரியை மாற்றிக்கொண்டும் கடவுச்சொல்லை மறந்தும் விலகிப் போயிருந்தார்கள். நிறுவனம் விடுத்த அறிவிப்பு அவர்களைச் சென்றடைய வழியே இருக்கவில்லை.

தமிழுக்கு இதில் இரட்டை இழப்பு உண்டு. 1990-களின் இறுதியில் தமிழில் எழுத முற்பட்ட மாணவர்களும் பொறியாளர்களும் புலம்பெயர்ந்தோரும் இத்தகைய இலவச இடங்களில் பக்கங்கள் அமைத்தபோது, எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு முறை நடைமுறையில் பரவியிருக்கவில்லை. எனவே திஸ்கி, டாம், டாப் போன்ற குறியேற்றங்களில், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் இன்ன எண்ணாகச் சேமிப்பது என்று வகுத்துக்கொண்ட தனித்தனி ஏற்பாடுகளில், அவர்கள் எழுதினார்கள். திஸ்கி எண்பிட்டு முறை. ஐரோப்பிய மொழிகள் தம் சிறப்பெழுத்துகளுக்குப் பயன்படுத்திய எண்களையே அது தமிழ் எழுத்துகளுக்கு எடுத்துக்கொண்டது. ஆகவே காப்பகத்தில் பிழைத்துக் கிடக்கும் ஒரு தமிழ்ப் பக்கத்தை இன்றைய உலாவியில் திறந்தால், புள்ளியும் கோடும் ஏறிய இலத்தீன் எழுத்துகளின் குவியலே கண்ணில் படும். மாற்றியைக் கொண்டு அதை மீட்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பை மெய்யெழுத்துக்கு முன்னால் வைத்தது திஸ்கி, ஒலிக்கும் வரிசையில் பின்னால் வைக்கிறது யூனிகோடு. ஆதலால் மாற்றி எழுத்துகளை இடம்மாற்றி அடுக்கவும் வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தனது மின்னூல்களை முதலில் திஸ்கியில் வெளியிட்டு, பின்னர் யூனிகோடுக்கு மாற்ற முடிந்ததற்குக் காரணம், மூலக் கோப்புகள் அத்திட்டத்தாரின் கையிலேயே இருந்தமைதான். இலவச இடத்தில் மட்டும் எழுதி, வேறெங்கும் படி வைத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

இந்த வரலாற்றைக் கொண்டு பார்த்தால் இன்றைய கருவிகளிடையே உள்ள வேறுபாடு தெளிவாகும். 1999-இல் தொடங்கி 2003-இல் கூகுளின் வசமான பிளாகரும், 2005 முதல் இயங்கும் வேர்ட்பிரஸ்.காம் சேவையும் எழுதியவை அனைத்தையும் ஒரே கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ள வசதி அளிக்கின்றன. பிளாகரிலிருந்து எடுத்ததை வேர்ட்பிரஸில் ஏற்றவும் கூடும். வேர்ட்பிரஸ் என்னும் பெயர் இரண்டு பொருள்களைக் குறிக்கும் என்பதைப் புதியவர்கள் அறிந்திருப்பது நல்லது: 2003-இல் மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கிய மென்பொருள் ஒன்று, அதை நிறுவி இடமும் கொடுக்கும் நிறுவனச் சேவை மற்றொன்று. மென்பொருள் கட்டற்றது, அதாவது எவரும் பெறவும் மாற்றவும் பகிரவும் உரிமம் உடையது. ஆகவே சேவை நின்றுபோனாலும் அதே மென்பொருளை வேறொரு வழங்கியில் நிறுவிப் பழைய கோப்பை ஏற்றித் தொடரலாம். விக்ஸில் நிலை வேறு. இழுத்துப் பொருத்தும் முறையில் அழகிய பக்கங்களை மிக விரைவாக அமைக்க உதவும் அச்சேவை, அங்கே அமைத்த தளம் அதன் வழங்கிகளில் மட்டுமே இயங்கும் என்ற ஏற்பாட்டைக் கொண்டது. வெளியேற விரும்புபவர் எழுத்தைப் பக்கம் பக்கமாகப் பிரதி செய்து எடுக்க வேண்டியதுதான். ஒரு திருவிழாவுக்கோ கருத்தரங்குக்கோ சில வாரங்கள் மட்டும் தேவைப்படும் பக்கத்துக்கு அது குறையாகாது. ஆண்டுதோறும் நிகழ்ச்சிக் குறிப்புகளும் ஒளிப்படங்களும் சேரப்போகும் ஓர் அமைப்புக்கு அது பெருங்குறை.

முகவரியும் அத்தகையதே. இலவசச் சேவையின் முகவரி சேவையின் பெயரையும் சேர்த்துக்கொண்டிருக்கும்; இடம் மாறினால் அச்சிட்ட அழைப்பிதழிலும் பிறர் கொடுத்த இணைப்புகளிலும் உள்ள முகவரி பயனற்றுப் போகும். ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்யும் டொமைன், அதாவது தளத்துக்குரிய தனிப்பெயர், இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. பிளாகர், கூகுள் சைட்ஸ், கிட்ஹப் பேஜஸ் ஆகியவை சொந்த டொமைனைத் தமது இலவசத் தளத்தோடு கூடுதல் கட்டணமின்றி இணைத்துக்கொள்ள விடுகின்றன. விக்ஸும் வேர்ட்பிரஸ்.காமும் அதற்குக் கட்டணத் திட்டத்துக்கு மாறச் சொல்கின்றன. செலவு செய்ய வேண்டிய ஒரே இடம் எது என்று ஒரு சிறு சங்கம் கேட்டால், இடத்துக்கும் வடிவமைப்புக்கும் அல்லாமல் பெயருக்குச் செலவிடுவதே அறிவுடைமை. அப்பெயரும் ஆர்வமிக்க ஓர் இளைஞரின் தனிப்பட்ட மின்னஞ்சலில் பதிவாகாமல் சங்கத்தின் பொது மின்னஞ்சலில் பதிவாக வேண்டும்; அவர் வேலை தேடி வேறூர் போன பிறகு புதுப்பிக்கும் நாள் எவருக்கும் தெரியாமல் கழிந்து, பெயர் பிறர் கைக்குப் போய்விடும் நிலை இதனால் தவிர்க்கப்படும். தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளும் கிடைக்கக்கூடியவை: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மூன்றும் உலகளாவிய முகவரி அமைப்பில் ஏற்கப்பட்டவை.

முயன்று பார்ப்பவர் தமிழுக்கென்றே செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. கருவிகள் தரும் வார்ப்புருக்கள், அதாவது முன்கூட்டியே வடிவமைத்த பக்க மாதிரிகள், பெரும்பாலும் இலத்தீன் எழுத்தை மனத்தில் கொண்டு அமைந்தவை. அவற்றின் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் உலாவி கையில் கிடைத்த ஓர் எழுத்துருவை இட்டு நிரப்பும். நெருக்கமான வரி இடைவெளியில் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் அடுத்த வரியோடு முட்டும். பிளாகரில் இடுகைக்குத் தமிழில் தலைப்பு வைத்தால், அது தமிழ் எழுத்துகளை விலக்கிவிட்டுப் பொதுவான ஆங்கிலச் சொல்லையும் ஓர் எண்ணையும் முகவரியாக்கிவிடுகிறது. அதனால் தமிழ்ப் பதிவர்கள் பலர் முதலில் ஆங்கில எழுத்தில் தலைப்பிட்டு வெளியிட்டுப் பிறகு தமிழுக்கு மாற்றுவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். வேறு சில கருவிகள் தமிழ் முகவரியை ஏற்றாலும், பிரதி செய்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்து நீளமுள்ள குறியீடாக விரிவதால் முகவரி நான்கைந்து வரிக்கு நீண்டுவிடுகிறது. இவற்றையெல்லாம்விடக் கவலைக்குரியது, அழைப்பிதழையும் அறிக்கையையும் எழுத்தாகத் தட்டெழுதாமல் படமாக மட்டும் ஏற்றும் பழக்கம். படத்துக்குள் உள்ள தமிழைத் தேடுபொறியால் நம்பத்தகுந்தவாறு படிக்க முடிவதில்லை. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளுக்கும் அது பெரும்பாலும் ஊமைப்படமே. ஐம்பதாண்டு கடந்த ஓர் இலக்கிய அமைப்பின் நிகழ்ச்சிகள் அனைத்தும் படங்களாகவே இணையத்தில் கிடக்குமானால், பத்தாண்டு கழித்து அவற்றைத் தேடி வரும் ஆய்வாளருக்கு அவ்வமைப்பு இருந்ததே தெரியாமல் போகும்.

வாக்கெடுப்புக் கருவிகளுக்குள் மறைந்திருக்கும் சிக்கல் இதைவிட நுட்பமானது. இணையதளம் மறைந்தால் இழப்புக் கண்ணுக்குத் தெரியும். வாக்கெடுப்பு தவறினால் தவறான முடிவு சரியான முடிவின் தோற்றத்தோடும் விழுக்காட்டுக் கணக்கோடும் வண்ண வரைபடத்தோடும் வந்து நிற்கும். இதற்கு இணையத்துக்கு முந்திய பாடம் ஒன்று இருக்கிறது. 1936-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது லிட்டரரி டைஜெஸ்ட் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, ஆல்ஃப்ரெட் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46-ஐ எதிர்வேட்பாளர் ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும் முகவரிகளைத் திரட்டியதால் பொருளாதார மந்தத்தில் நலிந்திருந்த மக்களில் பெரும்பாலோர் கணக்கிலேயே வரவில்லை. பட்டியலில் இருந்தவர்களிலும் சினமுற்றிருந்தவர்களே முனைந்து பதில் அனுப்பினார்கள். மிகச் சிறிய எண்ணிக்கையினரைக் கவனமாகத் தேர்ந்து கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் வெற்றியாளரைச் சரியாகக் கணித்தார். இலவச வாக்கெடுப்பின் இணைப்பைத் திறந்த வெளியில் பகிர்ந்து வந்தவர் எல்லாரையும் எண்ணுவது, லிட்டரரி டைஜெஸ்ட் செய்த பிழையை முகவரிப் பட்டியல்கூட இல்லாமல் திரும்பச் செய்வதாகும்.

2007 ஜூலையில் லிஸ்பனில் வெளியான புதிய ஏழு உலக அதிசயங்கள் பட்டியலை இந்திய வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். தாஜ்மகாலுக்காக நாடெங்கும் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் பறந்தன. அவ்வாக்கெடுப்பில் தனக்குத் தொடர்பில்லை என்றும், இணைய வசதி பெற்றவர்களின் கருத்தை மட்டுமே அது காட்டும் என்றும் யுனெஸ்கோ வெளிப்படையாகவே அறிவித்தது. 2009-இல் டைம் இதழ் நடத்திய செல்வாக்கு மிக்கோர் வாக்கெடுப்பில், 4சான் தளத்தின் பயனர்கள் தானாக வாக்கிடும் நிரல்களை எழுதித் தம் தளத்தின் நிறுவனரை முதலிடத்துக்குக் கொண்டுவந்ததோடு, முதல் 21 பெயர்களின் முதலெழுத்துகள் தாம் விரும்பிய சொற்றொடராக அமையும்படி வரிசையையும் தீர்மானித்தார்கள். 2016-இல் பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆய்வுக் கழகம் தனது துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டபோது போட்டி மெக்போட்ஃபேஸ் என்ற வேடிக்கைப் பெயர் 1,24,000-க்கும் மேற்பட்ட வாக்குகளோடு முந்தியது. இறுதி முடிவு தன்னுடையதே என்ற விதியைக் கழகம் வைத்திருந்தும், கப்பலுக்கு டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்தபோது வாக்களித்தவர்களில் பலர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே கருதினார்கள். ஆலோசனை கேட்கப்படுகிறதா, முடிவெடுக்கும் உரிமையே வழங்கப்படுகிறதா என்பது விதிகளின் அடியில் அடங்கிவிடாமல் கேள்வியோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

சிறு அமைப்புகளுக்கு இவ்வளவு பெரிய இடர்கள் வருவதில்லை. அவற்றின் பிழை பெரும்பாலும் கேள்வியின் அமைப்பிலேயே தொடங்குகிறது. முப்பது பேர் கொண்ட ஒரு வாசகர் வட்டம், சனி மாலை, ஞாயிறு காலை, ஞாயிறு மாலை ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, முறையே 12, 10, 8 வாக்குகள் பெற்றதாக வைத்துக்கொண்டால், சனி மாலை வென்றதாகக் கருவி காட்டும். ஆனால் வர இயலும் நேரங்கள் அனைத்தையும் குறிக்கச் சொல்லியிருந்தால், ஞாயிறு காலைக்கு 25 பேர் இசைந்திருக்கக் கூடும். கூட்ட நாளை முடிவு செய்வதற்கென்றே சுவிட்சர்லாந்தில் உருவான டூடுலும், பிரான்சின் ஃப்ராமாசாஃப்ட் என்ற தொண்டு அமைப்பு விளம்பரமும் பதிவும் இன்றி நடத்தும் ஃப்ராமாடேட்டும் இந்த இசைவு முறையிலேயே அமைந்தவை. நாளைத் தேர்வதற்கு இசைவு முறை போதும். தலைவரையோ நூலையோ தேர்வதற்கு வரிசை முறை மேலும் பொருத்தமானது. வாக்காளர் விருப்பங்களைத் தரவரிசைப்படுத்த, ஒவ்வொரு வேட்பாளரையும் மற்ற ஒவ்வொருவரோடும் தனித்தனியே ஒப்பிட்டு எண்ணும் முறையை 1785-இல் பிரெஞ்சு அறிஞர் கொந்தொர்சே விளக்கினார். முதலாமவர் இரண்டாமவரையும், இரண்டாமவர் மூன்றாமவரையும், மூன்றாமவர் முதலாமவரையும் வெல்லும் சுழற்சி நேரக்கூடும் என்பதையும் அவரே கண்டு சொன்னார். அம்முறையில் எண்ணும் இலவசச் சேவை ஒன்றைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கணினியியல் பேராசிரியர் ஆண்ட்ரூ மையர்ஸ் உருவாக்கினார். தகுதியுள்ளவர்களுக்கு மட்டுமான வாக்கெடுப்பில், வாக்காளர் ஒவ்வொருவரின் மின்னஞ்சலுக்கும் ஒருமுறை மட்டுமே பயன்படும் தனி இணைப்பை அது அனுப்புகிறது. அத்தகைய வாக்கெடுப்பில் யார் வாக்களிக்கத் தகுதியுடையவர் என்ற பட்டியலை முதலில் கொடுத்தாக வேண்டும் என்று கருவியே கட்டாயப்படுத்துவது அதன் பெருஞ்சிறப்பு.

மறைவாக வாக்களிக்கும் உரிமையையும் கருவிகள் தம் போக்கில் தீர்மானித்துவிடுகின்றன. 2022-இல் வாட்ஸ்அப் அறிமுகப்படுத்திய வாக்கெடுப்பில் எவர் எதற்கு வாக்களித்தார் என்பது குழுவிலுள்ள அனைவருக்கும் தெரியும். சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று கேட்பதற்கு அதில் தடையில்லை. சங்கச் செயலாளர் நீடிக்கலாமா என்று அதே வசதியில் கேட்டால், எதிர்த்து வாக்களிக்க எண்ணியவர் வாய்மூடி இருந்துவிடுவார், மௌனம் ஆதரவாக எண்ணப்படும். கூகுள் ஃபார்ம்ஸில் ஒருவர் ஒருமுறை மட்டுமே விடையளிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தினால் அவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். கட்டுப்படுத்தாவிட்டால் ஒருவரே பலமுறை வாக்களிக்கலாம். விடைகளின் தொகுப்பைப் பதிலளிப்பவர்களுக்குக் காட்டும் ஒரு விருப்பத்தேர்வும் அதில் உண்டு; பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்கும் படிவத்தில் அதைக் கவனியாமல் திறந்துவிட்டால், முன்னர் நிரப்பிய அனைவரின் விவரமும் பின்னர் வருபவர் கண்ணில் படும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாள்வதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. மாணவர்களின் சாதி, முகவரி, ஆதார் எண் ஆகியவற்றை ஒரு படிவத்தில் திரட்டி, அப்பட்டியலின் இணைப்பை அப்படியே பெற்றோர் குழுவில் பகிரும் பழக்கம் உள்ள பள்ளிகள் அதை உடனே கைவிட்டாக வேண்டும். தேவைப்படாத விவரத்தைக் கேட்காமலிருப்பதற்கு எந்தக் கருவியும் கட்டணம் கேட்பதில்லை.

ஆகவே முயற்சி என்பது வெளியிடுவதற்கு முன் நடக்க வேண்டியது. இரண்டு சேவைகளில் ஒரு தலைப்பு, ஒரு பத்தி, ஓர் அட்டவணை, ஒரு படம் கொண்ட மாதிரிப் பக்கத்தைத் தமிழில் அமைத்து, விலை குறைந்த கைபேசியில் திறந்து பார்த்து, பின்னர் அதை முழுமையாகத் தரவிறக்கி, இணையம் இல்லாத வேறொரு கணினியில் அது படிக்கக் கிடைக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வாக்கெடுப்பையும் ஐந்து பேருக்கு அனுப்பி, ஒருவரை இருமுறை வாக்களிக்க முயலச் சொல்லி, எண்ணிக்கையைத் தாளில் எழுதியதோடு ஒப்பிடலாம்.

தனி அமைப்புகள் தம்மளவில் இத்தனையையும் செய்தாலும், அவை சார்ந்திருக்கும் சேவைகள் தொலைதூர வணிக நிறுவனங்களின் முடிவுக்குக் கட்டுப்பட்டவை என்ற நிலை மாறுவதில்லை. ஃப்ராமாசாஃப்ட் 2014-இல் கட்டற்ற மென்பொருள்களை நிறுவிப் பொதுமக்களுக்கு மாற்றுச் சேவைகளை வழங்கத் தொடங்கியது. ஒரே அமைப்பிடம் எல்லாம் குவிவதும் தீங்கே என்று உணர்ந்து, 2016 முதல் ஊர்தோறும் சிறு சேவை வழங்குநர்கள் உருவாக வழிவகுத்தது. தமிழ்ச் சூழலில் அத்தகைய ஏற்பாட்டுக்கு வேண்டிய ஆற்றல் இல்லாமல் இல்லை. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பரப்பும் கணியம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் உள்ளன. தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் உள்ளது. மாவட்ட மைய நூலகங்களும், கணினியியல் துறை கொண்ட கல்லூரிகளும் உள்ளன. வேர்ட்பிரஸையும், ஆய்வு வினாப்படிவங்களுக்குரிய கட்டற்ற மென்பொருளான லைம்சர்வேயையும் ஒரு மாவட்ட மைய நூலகத்தின் பொறுப்பிலுள்ள வழங்கியில் நிறுவி, அவற்றின் தமிழாக்கத்தைச் சரிபார்த்து, அம்மாவட்டத்தின் வாசகர் வட்டங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் மட்டும் ஓராண்டுக்குத் திறந்துவைக்க அரசு முன்வர வேண்டும். அதற்கு எவ்வளவு செலவாகும், பராமரிக்க எத்தனை பேர் தேவை, மக்கள் எதற்கெல்லாம் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவ்வோராண்டில் தெரிந்துவிடும். மற்ற மாவட்டங்களுக்கு விரிப்பதா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.